வெள்ளிக்கிழமைகளில் பிரகாசிக்கும் நட்சத்திரம்

மானிப்பாய்
15.02.2026

அன்புள்ள நிஷானி மாமிக்கு,

கண்டதை மட்டும், கண்டபடியே, உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே உறுதி சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். புதுக் கொப்பியின் முதற் பக்கத்திலும் அப்படித்தான் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, கோட்டிலை சாட்சி சொல்லப் போறியோ?" என்று கேட்டா.

நாங்கள் சுகம். அப்பாவுக்கு மட்டும் தடிமன். நீங்கள் அந்தக் குளிரில் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு எழுதச் சொன்னார். அடுத்த வருடச் சோதனை முடியும்வரை எனக்குப் போன் இல்லை என்பது அம்மாவின் சட்டம். ஆகவே நான் எழுதித் தருவதை அப்பா படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவார்.

உங்கள் விளக்கைப் போன ஞாயிறு தேவாலயத்தில் போதகர் ஐயா ஜெபம் செய்து ஏற்றிவைத்தார். கம்பம் கோபுரத்தின் பாதி உயரம். தகட்டில் "அமரர் ஐசாக் மாஸ்ரர் ஞாபகமாக, மகள் நிஷானி, ரொறன்ரோ" என்று வெட்டியிருக்கிறது. அப்பப்பா சறுக்கி விழுந்த அந்தப் படிகளில் இப்போது ஊசி விழுந்தாலும் தேடி எடுக்கலாம். அப்பா தகட்டைக் கையால் தடவிக்கொண்டு நிறைய நேரம் நின்றார்.

இனி என் விண்ணப்பம். நத்தார்ப் பண்டிகை அன்று கதைத்தபோது, உங்கள் சின்னச் செயற்கைக்கோள்கள் பிரகாசமான நட்சத்திரங்களை மட்டுந்தான் பார்க்கும் என்றீர்கள். அப்படியென்றால் அவை பார்க்கும் நட்சத்திரம் எனக்கும் வெறுங்கண்ணால் தெரியும் அல்லவா? அதில் ஒன்றை எனக்கும் தாருங்கள். நான் ஒரு நாளும் தவறவிடமாட்டேன்.

உங்கள் மறுமொழிக்கு முற்றத்தில் நின்று காத்திருக்கும் மருமகள்,
ஜெனிற்றா


ரொறன்ரோ
15.02.2026

என் ஜெனிற்றாக் குஞ்சுக்கு,

சாப்பிடுகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல். பனி முழங்கால்வரை நிற்கிறது. தடிமனுக்கு என் அண்ணை மல்லித்தண்ணி குடிக்கட்டும், குளிசை வேண்டாம்.

நீ கேட்டது சரியான கேள்வி. பெரிய தொலைநோக்கிகளுக்குப் பிரகாசமான நட்சத்திரம் கண்ணைக் கூசவைக்கும். அவை மங்கலானவற்றுக்காகச் செய்யப்பட்டவை. வானத்தில் எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திரங்களைத்தான் ஒருவரும் விடாமல் தொடர்ந்து பார்ப்பதில்லை. அதற்காகவே எங்கள் செயற்கைக்கோள்கள். ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. நீளம், அகலம், உயரம் எல்லாம் இருபது சென்ரிமீற்றர். ஏழு கிலோ. அதன் வில்லை உன் உள்ளங்கைக்குள் அடங்கும். நூறு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவந்து, ஒவ்வொரு சுற்றிலும் கால் மணித்தியாலம் அதே நட்சத்திரங்களையே பார்க்கும். காற்றுக்கு மேலே நிற்பதால் அதற்கு நட்சத்திரம் மினுங்காது. வெளிச்சம் உண்மையாகக் கூடிக் குறைவது மட்டுந்தான் தெரியும். அந்தக் கூடிக்குறைதலை வைத்து, நட்சத்திரத்தின் உள்ளே என்ன கொதிக்கிறது, எது வீங்கிச் சுருங்குகிறது என்று கணிக்கிறோம்.

மூன்று பெட்டிகளில் இரண்டாவது இப்போது திருவாதிரையைப் பார்க்கிறது. உனக்கும் அதையே தருகிறேன். சிவப்பாக, உச்சிக்குக் கிட்ட நிற்கும். அதற்குக் கிழக்கே வெள்ளையாகப் புரோசியன். அது திருவாதிரையைவிடச் சற்றுப் பிரகாசம். மேற்கே ரோகிணி, அது சற்று மங்கல். புரோசியனுக்கு 0, ரோகிணிக்கு 10 என்று வை. திருவாதிரை இரண்டுக்கும் இடையில் எத்தனையாவது படியில் நிற்கிறது? அந்த எண்ணை எழுது. எண் கூடினால் நட்சத்திரம் மங்குகிறது, குறைந்தால் பிரகாசிக்கிறது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் 7.20. நேரம் மாறக்கூடாது.

எண்ணோடு மற்றதையும் எழுது: முகில், நிலவு, எல்லாம். எண் பொய் சொன்னால் அதைக் காட்டிக்கொடுப்பது அவைதான்.

அப்பாவின் விளக்கைப் பற்றி நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். செத்தவீட்டுக்கு வரமுடியாமற் போனவளுக்கு அந்த வெளிச்சமாவது அங்கே நிற்கிறது.

முத்தங்களுடன்,
மாமி


மானிப்பாய்
28.02.2026

அன்புள்ள மாமிக்கு,

மல்லித்தண்ணி வேலை செய்தது, அப்பா சுகம். உங்கள் முழங்கால் பனி உருகியதா?

மாமி, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை! பன்னிரண்டு நாட்களும் பார்த்துவிட்டேன். முழுப் பட்டியலும் மறுபக்கத்தில் இருக்கிறது. 16ஆம் திகதி 4. அடுத்த நாளும் 4, அதற்கடுத்த நாளும் 4. பிறகு மெல்ல 5. ஆனால் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை பாருங்கள்: 2! சனி மறுபடி 4. நான் பிழைவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நேற்று, 27, வெள்ளி: மறுபடி 2!

திருவாதிரை வெள்ளிக்கிழமைகளில் பிரகாசிக்கிறது! இப்படி ஏழு நாளுக்கு ஒருமுறை பொங்கும் நட்சத்திரம் எங்காவது இருக்கிறதா? அப்பாவிடம் சொன்னேன். "லெந்து நோன்பு நாளிலை நாங்களெல்லாம் இறைச்சி விட்டு வாடிப்போய் இருக்கிறம், உது மட்டும் வெள்ளிக்கு வெள்ளி மினுங்குதோ? உதைச் சபையிலை விசாரிக்கவேணும்" என்று சிரித்தார்.

முகில் ஒருநாளும் இல்லை. நேற்று நிலவு புரோசியனுக்குப் பக்கத்தில் நின்றது.

சீக்கிரம் எழுதுங்கள், சீக்கிரம்!
ஜெனிற்றா


ரொறன்ரோ
01.03.2026

குஞ்சு,

பனி உருகவில்லை, உன் கடிதத்தில் உருகியது நான்தான். பன்னிரண்டு நாளும் விடாமல் பார்த்தாய் பார், அதற்கு முதல் முத்தம்.

இனிச் சந்தேகப்படுவோம். 27ஆம் திகதி நிலவு புரோசியனைக் கெடுத்திருக்கும், அந்த எண்ணை நம்பமாட்டேன். ஆனால் 20ஆம் திகதி மேற்கே பிறை மட்டுந்தான் இருந்தது. அப்போ அந்த 2 எங்கிருந்து வந்தது? எங்கள் பெட்டி அன்று அப்படி ஒன்றும் காணவில்லை. அது கண்டது மெதுவான மங்கல் மட்டும், உன் மற்ற நாட்களைப் போலவே.

ஆகவே ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமையில் என்ன வித்தியாசம்? நட்சத்திரத்தில் அல்ல, உன்னில். யோசித்து எழுது.

அவசரமாக ஆய்வுகூடத்துக்கு ஓடும்,
மாமி


மானிப்பாய்
08.03.2026

அன்புள்ள மாமிக்கு,

எல்லோரும் சுகம். செவ்வாய்க்கிழமை நிலவு கிழக்கே எழும்பும்போதே ஒரு ஓரம் கறுத்திருந்தது. தெருவே வாசலில் நின்று கிரகணம் பார்த்தது.

நீங்கள் கேட்டபடி யோசித்தேன். வெள்ளிக்கிழமைகளில் எனக்குள்ள வித்தியாசங்கள்: மதியம் மரக்கறிச் சாப்பாடு. வெள்ளைச் சட்டை. ஆறு மணிக்கு லெந்து ஆராதனை. பாடகர் குழுவில் பாடுவதால் தொண்டை கட்டியிருக்கும். ஆராதனை ஏழு மணிக்கு முடிந்தாலும் அடுத்த பாட்டைப் பழகிவிட்டுப் போகவேண்டும் என்பதால், 7.20க்குத் தேவாலய வாசலில் நின்று பார்க்கிறேன். நேரம் ஒரு நிமிடமும் மாறவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

முந்தநாள் வெள்ளி, 6ஆம் திகதி, நிலவே இல்லை. மற்ற நாட்களில் 6. அன்று 3!

நிலவும் இல்லை, முகிலும் இல்லை, ஆனால் பிரகாசம் இருக்கிறது மாமி! நேற்றுச் சனிக்கிழமை வகுப்பில் சொன்னேன். விஞ்ஞான ரீச்சர் கரும்பலகையில் புள்ளி வைத்துக் கோடு கீறச் சொன்னா. பிரகாசம் கூடினால் மேலே என்று வைக்க, மூன்று வெள்ளிகளும் மூன்று மலைகள் மாதிரி நிற்கின்றன.

மறுமொழியை எண்ணிக்கொண்டிருக்கும்,
ஜெனிற்றா


மானிப்பாய்
11.03.2026

அன்புள்ள மாமிக்கு,

சுகமா? பத்து நாளாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. அப்பா கோல் எடுத்தாலும் "பிறகு கதைக்கிறன் அண்ணை" என்று வைத்துவிடுகிறீர்களாம். நான் எழுதியதில் ஏதாவது கோபமா? அல்லது எழுதாததிலா?

நேற்று 6, இன்று 7. வானம் தெளிவு.

ஜெனிற்றா


ரொறன்ரோ
12.03.2026, விடிய 3 மணி

என் குஞ்சுக்கு,

கோபமில்லை. உடம்புக்கும் ஒன்றுமில்லை, நித்திரைதான் இல்லை. மார்ச் இரண்டாம் திகதியிலிருந்து இரண்டாம் பெட்டி பேசுவதில்லை.

ஒரு சுற்றில் வழக்கம்போல வணக்கம் சொல்லிவிட்டுப் போனது, அடுத்த சுற்றில் சத்தமில்லை. நிலை தவறி உருளத் தொடங்கிவிட்டது என்கிறார்கள். ஒவ்வொரு முறை அது எங்கள் தலைக்கு மேலே வரும்போதும் எட்டு நிமிடம் கூப்பிட்டுப் பார்க்கிறோம். மற்ற இரண்டு பெட்டிகளும் வேறு பக்கம் பார்க்கின்றன. திருவாதிரை மங்கிக்கொண்டு போன நேரம் பார்த்து எங்கள் கண் மூடிவிட்டது. அது மங்கி முடிந்ததா, திரும்பியதா என்று தெரியாது.

ஆகவே கண்ணால் பார்ப்பவர்களிடம் கேட்டோம். ஐரோப்பாவில் முகில், இங்கே பனி. வந்த பட்டியல்களில் ஒரு நாளும் விடாத பட்டியல் ஒன்றுதான். அது மானிப்பாயிலிருந்து வந்தது!

ஆனால் உன் 6ஆம் திகதி எல்லோரையும் குழப்புகிறது. "அன்றைக்குத்தான் திரும்பியதோ?" என்று கேட்கிறார்கள். அடுத்த நாளே மறுபடி 6 என்கிறாய். நட்சத்திரம் அப்படிச் செய்யாது. 17ஆம் திகதி கூட்டம். தன்னோடு தானே பொருந்தாத பட்டியலை முழுதாக விலக்குவது எங்கள் முறை. மருமகள் என்று பார்க்கமுடியாது.

நாளை வெள்ளி. ஒரு வேலை செய். புரோசியனை, திருவாதிரைக்குத் தென்மேற்கே நீலவெள்ளையாக நிற்கும் ரைகலோடும் ஒப்பிட்டுப் பார். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அவை இரண்டும் மாறாது. ரைகல் ஒரு மயிரிழை பிரகாசம். அந்த வித்தியாசம் வீட்டில் ஒன்றும் தேவாலயத்தில் வேறொன்றுமாக இருந்தால், பிழை மேலே இல்லை, கீழே இருக்கிறது.

விளக்கின் படம் ஒன்று அனுப்பச் சொல் அப்பாவிடம். இந்த நாட்களில் அதைப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

மாமி


மானிப்பாய்
14.03.2026

அன்புள்ள மாமிக்கு,

உங்களுக்கு நித்திரை வரவேண்டும் என்று நேற்று இரவு எல்லோரும் ஜெபித்தோம். இதை வாசித்தபிறகு வருமோ தெரியாது.

நான் கொப்பியின் முதற் பக்கத்தை மீறிவிட்டேன். எழுதிய எண்கள் எல்லாம் உண்மை. ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டேன், தெரிந்துகொண்டே விட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் நான் நிற்கும் தேவாலய வாசலில் உங்கள் விளக்கு எரிகிறது. கம்பத்தின் தலைக்கு நேர் மேலேதான் புரோசியன் நிற்கும். விளக்கு கீழே படிகளுக்கு மட்டுமல்ல, மேலேயும் அடிக்கிறது. கையால் மறைத்துத்தான் புரோசியனைத் தேடவேண்டும். அது மங்கிப்போக, திருவாதிரை அதற்குச் சமமாக வந்துவிடுகிறது. முதல் வெள்ளியே எனக்குக் கண் கூசியது. ஆனால் அதுதான் காரணம் என்று நம்ப விருப்பமில்லை. எனக்கு நட்சத்திரம் பிரகாசிக்கவேண்டியிருந்தது. நீங்கள் "என்ன வித்தியாசம்" என்று கேட்டபோது விளங்கிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். "ஐயோ, உதை எழுதிப்போடாதை. அவள் தகப்பன்ரை முகத்தைக் கடைசியாய்க்கூடப் பார்க்கேல்லை. அந்த விளக்குத்தான் அவளுக்கு மிச்சம்" என்றா. நானும் "வேறு ஒன்றும் இல்லை" என்று எழுதினேன்.

நேற்று நீங்கள் சொன்னபடி செய்தேன். வியாழன் வீட்டு முற்றத்தில் ரைகலும் புரோசியனும் கிட்டத்தட்டச் சமம். வெள்ளி தேவாலய வாசலில் புரோசியன் ரைகலைவிட வெகுவாக மங்கல். திருவாதிரை 3. பிழை கீழேதான் மாமி. ஏழு நாள் நட்சத்திரம் என்று ஒன்று இல்லை.

உடனே உங்களுக்குப் படிப்பித்த நேசம்மா ரீச்சரிடம் போனேன். அவதான் இப்போது சபைச் செயலாளர். பத்து நிமிடம் விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏன்? கள்ளனுக்கு வசதியாவோ?"

"நட்சத்திரம் பார்க்க, ரீச்சர்."

"நட்சத்திரம் ஆயிரம் வருஷமாய் அங்கைதான் நிக்குது. ஐசாக் மாஸ்ரர் எங்கை விழுந்தவர் எண்டு தெரியுமோ? உந்தப் படியிலை. இடுப்பெலும்பு முறிஞ்சு ஆறு மாதம் கட்டில். உங்கடை மாமி விளக்கைத் தந்தது படிக்கு. இன்னொரு கிழவன் விழுந்தால் ஆர் பொறுப்பு, நீயோ, திருவாதிரையோ?"

பிறகு அவவே, "தந்த ஆள் எழுதித் தந்தால் பார்ப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனா.

விளக்கின் படத்தை அப்பா அனுப்புவார். படத்தில் வானம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது. என் பட்டியலை விலக்குங்கள். நான் அழவில்லை, அதுவும் உண்மையில்லை, கொஞ்சம் அழுதேன்.

மன்னிப்புக் கேட்கும்,
ஜெனிற்றா


ரொறன்ரோ
18.03.2026

என் தங்கக் குஞ்சுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது, ஒளிக்கமாட்டேன். உன்மேல் அல்ல. இரண்டாம் நாள் வெட்கம். எங்கள் பெட்டிகளின் வில்லைக்கு முன்னால் கறுப்பு மூடி ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். வேறு வெளிச்சம் ஒரு துளியும் உள்ளே வரக்கூடாது என்று அதற்கு மட்டும் நான் இரண்டு வருடம் செலவழித்தேன். அப்படிப்பட்டவள், மூடியில்லாத விளக்கொன்றைப் படத்தில் பார்த்து, வடிவாக இருக்கிறது என்று வாங்கி, அப்பாவின் பெயரை வெட்டி, ஊர் வானத்துக்கு அடித்திருக்கிறேன்! எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. மூன்றாம் நாள்தான் சிரித்தேன். அப்பா இருந்தால் "உதுக்கோ உன்னை இவ்வளவு படிப்பிச்சனான்?" என்று கேட்டிருப்பார்.

நேற்றுக் கூட்டத்தில் உன் கடிதத்தை மொழிபெயர்த்து வாசித்தேன், அழுத வரி உட்பட. ஒருவர் கேட்டார்: "வெள்ளிகளை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்திருக்கலாமா?" இன்னொருவர் சொன்னார்: "விளக்குத்தான் காரணம் என்று அவள் சொல்கிறாள். காட்டட்டும்." ஆகவே தீர்மானம் இது. வரும் வெள்ளி, அதே வாசலில் நின்று, விளக்கு எரியும்போது ஒரு எண், அணைத்தபின் ஒரு எண். அணைத்த எண் வியாழக்கிழமை வீட்டு எண்ணோடு ஒத்தால் வெள்ளிகள் மட்டும் போகும். ஒத்துவராவிட்டால் முழுப் பட்டியலும் போகும்.

இன்னொரு செய்தி. நேற்று விடிய இரண்டாம் பெட்டி மறுமொழி சொல்லிவிட்டது! ஆய்வுகூடத்தில் எல்லோரும் கத்தினோம், நான் கதிரையில் ஏறி நின்றேன். அது திருவாதிரையையும் அளந்துவிட்டது. எத்தனை என்று உனக்குச் சொல்லமாட்டேன். தெரிந்தால் உன் கண் அதையே காணும்.

நேசம்மா ரீச்சருக்கு இத்துடன் ஒரு துண்டு:
"அன்புள்ள ரீச்சர், விளக்கைத் தந்தவள் நான். வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் அதை அணைக்கத் தயவுசெய்து உத்தரவு தாருங்கள். அதன்பின் அண்ணை அதற்கு ஒரு தகரத் தொப்பி போடுவார். வெளிச்சம் படிகளில் மட்டும் விழும், முன்னிலும் கூடவே விழும். ஒருவரும் விழமாட்டார்கள். உங்கள் பழைய மாணவி, நிஷானி."

கண்ணைத் திறந்து வைத்திரு.
மாமி


மானிப்பாய்
20.03.2026

அன்புள்ள மாமிக்கு,

எல்லோரும் சுகம், மிகவும் சுகம். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

துண்டை நேசம்மா ரீச்சர் மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தா. "இவள் அப்பவும் கையெழுத்து இப்பிடித்தான்" என்றா. பிறகு ஆராதனை முடிய, போதகர் ஐயாவுக்கு முன்னாலேயே எழும்பி நின்று அறிவித்தா: "ஒருத்தரும் வீட்டை போகப்படாது. எல்லாரும் படியிலை இருக்கவேணும். விளக்கு நிப்பாட்டினாப் பிறகு, திரும்பப் போடுமட்டும் ஒருத்தரும் எழும்பப்படாது. எழும்பினால் பேர் எழுதுவன்."

அதனால் முழுச் சபையும் அப்பப்பா விழுந்த படிகளில் வரிசையாக இருந்தது. பாடகர் குழு கீழ்ப்படியில். அப்பா தகரத் தொப்பிக்கு அளவெடுக்க நாடாவோடு கம்பத்தடியில் நின்றார். அம்மா எனக்குப் பக்கத்தில் வந்திருந்து, "நான் எழுதாதை எண்டு சொன்னதையும் எழுதிப்போட்டியோ?" என்று காதுக்குள் கேட்டா. ஓம் என்றேன். "அதுவும் நல்லதுக்குத்தான்" என்றா.

விளக்கு எரியும்போது, 7.05: திருவாதிரை 4.

7.11க்கு அணைத்தார்கள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. ஆரோ ஒரு பிள்ளை "ஆ" என்றது. பிறகு கண் பழகப் பழக, ஒவ்வொன்றாக அல்ல, கூட்டமாக வந்தன மாமி. புரோசியன் கம்பத்துக்கு மேலே வந்து நின்றது, மறைக்கக் கை தேவைப்படவில்லை. ரைகலைப் பார்த்தேன், சமம். நேசம்மா ரீச்சர் மெதுவாக, "இந்தச் சிவப்புத்தானோ மங்கினது?" என்று கேட்டா. "அதுதான் ரீச்சர்" என்றேன். "பாவம்" என்றா.

நேற்று, வியாழன், வீட்டு முற்றத்தில் நான் எழுதியது 7. அதை மறக்க முயன்றுகொண்டு, மூன்று தரம் புரோசியனையும் ரோகிணியையும் மாறி மாறிப் பார்த்தேன். உங்கள் பெட்டி சொன்னது எனக்குத் தெரியாது. நான் கண்டதை, கொப்பியில் எழுதியபடியே, இங்கே தருகிறேன். ஒன்றும் விடவில்லை.

20.03.2026, வெள்ளி, பின்னேரம் 7.20. இடம்: தேவாலய வாசல், மூன்றாம் படி. முகில் இல்லை. மேற்கே மயிரிழைப் பிறை. புரோசியன், ரைகல் சமம். திருவாதிரை 7. விளக்கு அணைக்கப்பட்டிருந்தது.